ரெண்டேகால் மூட்டை

மாசி மாதம், இரவு ஏழரை.
கடைசி டிராக்டர் கிளம்பிய பிறகு
கொள்முதல் நிலையத்துத் தராசில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
தொண்ணூற்றொன்று புள்ளி நான்கு.
வீரையன் பீடியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.
"ரெண்டேகால் மூட்டைக்கு மேல நிக்கிறீங்க சார்.
சாக்கு எடை கழிச்சாச்சா?"
சட்டை, பேண்ட், இடுப்பில் சாவிக்கொத்து.
கழித்தாலும் தொண்ணூறு.

அன்று காலை மன்னார்குடியில்
டாக்டரம்மா என் ரத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு
"பன்னிரண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க" என்றார்.
அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.
ஈரப்பதக் கருவி பத்தொன்பது காட்டும்போது
ராத்திரியெல்லாம் குவியலுக்குக் காவல் கிடந்தவரிடம்
அதே குரலில்தான் சொல்வேன்:
"காயலை. ரெண்டு நாள் வெயில்ல போட்டு
எடுத்துட்டு வாங்க."
மேகம் மூடிய நாளில்
வெயிலுக்கு அவர் எங்கே போவார் என்று
கேட்டதில்லை.

கெடு ஒன்று வேண்டுமே.
ஜூன் பன்னிரண்டு என்று எழுதினேன்,
மேட்டூர் திறக்கிற தேதி.
நோட்டின் பின்னட்டையில் இரண்டு பத்தி.
இடது பக்கம் அணை, அடிக்கணக்கில்.
வலது பக்கம் நான், கிலோவில்.
இரண்டும் இறங்க வேண்டிய காலம்.

நீடாமங்கலத்திலிருந்து மூணாறு தலைப்பு வரை
வெண்ணாற்றங்கரையில் நடை.
முதல் வாரம் ஒன்று எண்ணூறு இறங்கியது.
இரண்டாம் வாரம் மச்சினன் வீட்டில் காதுகுத்து.
இறங்கியதெல்லாம் ஏறியது,
பைசா பாக்கியில்லாமல்.
நெல்லை அளந்து, நெல்லை எழுதி,
தலைமயிரில் நெல் தூசியோடு வீடு வருகிறவன் தட்டில்
வனரோஜா ஒரே ஒரு கரண்டி சோறு வைத்தாள்.
முறைத்தேன்.
"உங்க டாக்டரம்மாவை முறைங்க" என்றாள்.

மூன்றாம் வாரம் நடக்கவில்லை.
காரணம் எதுவுமில்லை. கொசுவலை இதமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள்
நான் இறங்கியதும் வீரையன் ஏறினார்.
ஐம்பத்தொன்று புள்ளி மூன்று.
"போன வருஷம் அம்பத்தஞ்சு சார்."
ஒரு மூட்டை நாற்பது.
அன்றைக்கு அவர் முதுகில் போனது தொண்ணூற்றாறு.
எழுதியது என் பேனா.
"எனக்கும் ஒரு டார்கெட் போடுங்க.
ஏத்துறதுக்கு."
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
ஸ்கேலை வைத்து
மூன்றாவது பத்திக்குக் கோடு போட்டேன்.

பேச்சு இதுதான்:
விடியற்காலை நான் நடந்து திரும்பும்போது
அவர் டீக்கடையில் இருப்பார்.
போண்டாவுக்கு நான் வைத்திருந்த காசில்
அவருக்கு இரண்டு முட்டை.
நான் ஒருநாள் வரவில்லை.
மறுநாள் கடைக்காரர் சொன்னார்,
வீரையன் வந்து காத்திருந்து
வெறும் டீயோடு மூட்டை தூக்கப் போனார் என்று.
காசு அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்றாராம் இவர்.
வேண்டாம் என்றாராம் அவர்.
அதற்குப் பிறகு
கொசுவலை அவ்வளவு இதமாக இல்லை.

வைகாசியில் நிலையத்தை மூடினார்கள்.
தராசு லாரியேறிக் கிடங்குக்குப் போனது.
பழைய பேப்பர் கடைத் தராசில்
கட்டுக்கட்டாய்ப் போன மாதத்துச் செய்திகளைத் தள்ளி வைத்துவிட்டு
நாங்கள் ஏறினோம்.
கடைக்காரப் பையன் கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் தருவதாகச் சொன்னான்.

ஜூன் பன்னிரண்டு.
அணை நாற்பத்து மூன்று அடி.
திறக்கவில்லை, தேதி பின்னர் என்றது செய்தி.
நான் எண்பத்து நான்கு ஒன்பது.
வீரையன் ஐம்பத்திரண்டு ஆறு.
மூன்று பத்தியிலும் எழுதினேன்.
ஒன்றுகூடக் கணக்கில் நேராகவில்லை.

"நம்மளும் தள்ளிப் போட்டுக்கலாமா சார்?"
"எதுவரைக்கும்?"
"தண்ணி வர்ற வரைக்கும்."

மறுநாள் கரையை விட்டிறங்கி
ஆற்று மணலில் நடந்தேன்.
கணுக்கால் வரை புதைந்தது, மூச்சு வாங்கியது.
திரும்பியபோது வீரையன் முட்டை உரித்துக்கொண்டிருந்தார்.
ஒன்றைப் பிளந்து, மஞ்சளைத் தன் வாயில் போட்டுக்கொண்டு
வெள்ளையை என் பக்கம் நகர்த்தினார்.
"இது உங்களுக்கு ஆகும்ல?"
ஆகும் என்றேன்.